டாலியின் தாந்தே மர அச்சுகளைச் சேகரிக்க: கையெழுத்துக்கு முன் தாளைப் பாருங்கள்

டாலி அச்சுப்படம் ஒன்றை விற்க வருகிறவர் முதலில் விரலை வைப்பது பெரும்பாலும் கீழ் மூலையில் இருக்கும் பென்சில் கையெழுத்தின் மேல்தான். சேகரிக்க ஆரம்பித்த காலத்தில் என் கண்ணும் நேராக அங்கேதான் போகும். இப்போது தாள், மை, முதுகுப்பக்கம், எந்தப் பதிப்பு என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் அந்த மூலைக்கு வருகிறேன். அந்த வரிசையை மாற்றிக்கொண்டதில்தான் எனக்கு இந்தச் சேகரிப்பே பிடிபட்டது, அதனால் அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

கனவுபோன்ற காட்சிகளை வரைந்த சர்ரியலிச ஓவியர்கள் பழைய இலக்கியங்களுக்கு வரைந்து தள்ளியிருக்கிறார்கள். ஆனால் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது மட்டும் வேண்டும் என்று வடிகட்டினால் களம் சட்டென்று சுருங்கிவிடும், அதன் நடுவில் ஒரே ஒரு பெரிய மலை நிற்கும்: ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி, இத்தாலியக் கவி தாந்தேயின் டிவைன் காமெடி என்ற காவியத்துக்குச் செய்த 100 படங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கிடைக்கிற தாள்கள் அதிகம், எழுதப்பட்ட விவரங்களும் அதிகம், ஒப்பிட்டுப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிட வசதியான தொகுதி வேறு இல்லை.

கதை இப்படி. தாந்தே பிறந்து 700 ஆண்டுகள் நிறைவதை 1965-ல் கொண்டாட வேண்டும் என்று இத்தாலிய அரசு 1950 வாக்கில் டாலியிடம் இந்தப் படங்களைக் கேட்டது. அவரும் பாடலுக்கு ஒன்றாக நீர்வண்ணத்தில் வரைய ஆரம்பித்தார். இத்தாலியின் மகாகவிக்கு ஒரு ஸ்பெயின்காரர் படம் போடுவதா என்று அங்கே எதிர்ப்பு கிளம்ப, அரசு பின்வாங்கிவிட்டது. டாலி நிறுத்தவில்லை. ஜோசப் ஃபோரே என்ற பிரெஞ்சுப் பதிப்பாளர் வழியாக வேலை பாரிஸுக்குப் போய், லே ஸர் க்ளேர் என்ற பதிப்பகம் அதை அச்சுக்குக் கொண்டுவந்தது. மூல ஓவியங்கள் 1960-ல் பாரிஸின் காலியேரா அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. நீர்வண்ணத்தை அப்படியே மரத்தில் கொண்டுவருகிற பொறுப்பு ரேமோன் ஜாக்கே என்ற செதுக்குக் கலைஞருக்கு. உதவிக்கு ஜான் தாரிக்கோ. ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை என்ற கணக்கில் மொத்தம் சுமார் 3,500 கட்டைகள் செதுக்கியிருக்கிறார்கள். அதாவது ஒரு படத்துக்குச் சராசரியாக 35 கட்டைகள், ஒரே தாள் 35 தடவை அச்சின் கீழே போய் வந்து, ஒவ்வொரு தடவையும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் வேறு மாதிரிதான் தெரியும்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். டாலி கையில் உளி எடுக்கவே இல்லையே, அப்புறம் இது எப்படி டாலியின் அச்சுப்படம்? நியாயமான கேள்விதான், மழுப்பக் கூடாது. ஓவியர் வரைவார், செதுக்குகிறவர் வேறொருவர் என்பது மரச்செதுக்கில் நீண்ட நாள் வழக்கம். அதே தாந்தேக்கு பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்த புகழ்பெற்ற படங்கள் இருக்கின்றனவே (காவியத்தின் மூன்று காண்டங்களில் நரகம் 1861-ல், மற்ற இரண்டும் 1868-ல் வந்தன), அவற்றை உற்றுப் பார்த்தால் கீழே ஒரு மூலையில் டோரே பெயரும் இன்னொரு மூலையில் செதுக்கியவர் பெயரும் இருக்கும். நரகத்தின் பல படங்களில் அது பிசான் என்ற பெயர். ஆகவே டாலியின் தாந்தேயை வாங்குகிறவர் ஒரு ஓவியரின் கற்பனையையும் ஒரு செதுக்குக் கலைஞரின் உழைப்பையும் சேர்த்து வாங்குகிறார். ஓவியரே செதுக்கினால்தான் மூல அச்சு என்று கறாராக இருக்கிற சேகரிப்பாளர்களும் உண்டு, அவர்கள் இதைத் தொட மாட்டார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜாக்கேயின் வேலைக்காகவே நான் இதை விரும்புகிறேன்.

மரம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது

மர அச்சில் இரண்டு வகை. நெடுக்கே அறுத்த பலகையில் கத்தியால் வெட்டுவது ஒன்று. மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் பியூரின் என்கிற கூர்முனைக் கருவியால் கீறுவது இன்னொன்று. குறுக்கு முகத்தில் நார் தடுக்காது, எந்தத் திசையிலும் கோடு இழுக்கலாம் என்பதால் மிக நுண்ணிய வேலை சாத்தியம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தாமஸ் பீவிக் இதை ஒரு பெரிய கலையாக வளர்த்தெடுத்தார். அதற்கு விரும்பப்பட்ட பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது, அதனால் பெரிய படம் வேண்டுமென்றால் சின்னச் சின்னக் கட்டைகளைச் சேர்த்து இறுக்கித்தான் செய்வார்கள். இரண்டு வகைக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான்: மேடாக விட்ட இடம் மை வாங்கும், பள்ளமாக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். நகை பார்க்கிறவர்கள் கண்ணில் வைத்துக்கொள்வார்களே, அதுதான். இந்தச் சேகரிப்பில் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும், படம் அப்புறம். அதை வைத்து நிறம் மெல்ல மாறுகிற ஓர் இடத்தைப் பாருங்கள், முகத்தின் கன்னம், மேகம், அங்கியின் மடிப்பு மாதிரி. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூ வட்டம் போலக் கூடி நின்றால் அது ஆஃப்செட்டில் அச்சடித்த நகல். பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடலாம். மர அச்சில் அந்தப் புள்ளிக் கோலம் இருக்காது. திட்டுத்திட்டாக மை படிந்திருக்கும், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஏறி மூன்றாவது நிறம் உண்டாகியிருக்கும், திட்டின் ஓரத்தில் அழுத்தத்தால் மை பிதுங்கி ஒரு மெல்லிய கரை கட்டியிருக்கும். அந்தக் கரைதான் மேடான கட்டையிலிருந்து வந்த அச்சுக்கு நல்ல சாட்சி.

அடுத்து விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். தாளை மேசைமேல் வைத்து, வெளிச்சம் தாளை உரசிக்கொண்டு போகிற மாதிரி தாழ்வாக. அழுத்தி அச்சிட்ட இடங்களில் தாள் லேசாக உள்வாங்கியிருப்பது நிழலில் தெரியும், திருப்பிப் போட்டால் முதுகில் அதே இடம் மெல்லப் புடைத்திருக்கும். எல்லாத் தாளிலும் ஒரே அளவுக்குத் தெரியாது. வெளிர் நிறப் படங்களில் ரொம்பவே மங்கலாக இருக்கும், பழைய ஃப்ரேமில் ஆண்டுக்கணக்கில் அழுந்திக் கிடந்தவற்றில் தட்டையாகிப் போயிருக்கும். ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், லூப் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் அதே தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, வாட்டர்மார்க், அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதிகிற குறி, தெரிகிறதா என்று பாருங்கள். பிரெஞ்சுப் பதிப்பின் சாதாரணப் பிரதிகள் ரீவ்ஸ் என்ற பிரெஞ்சுத் தாளில் அச்சானவை. தாளின் அளவு சுமார் 33 செ.மீ. உயரம், 26 செ.மீ. அகலம். படம் அதற்குள் நல்ல ஓரம் விட்டு உட்கார்ந்திருக்கும். அளவை விற்பவர் சொன்னால் போதாது, ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் நீங்களே அளக்க வேண்டும். ஓரத்தைக் கத்தரித்துச் சின்ன ஃப்ரேமுக்குள் திணித்த தாள்கள் நிறைய உலவுகின்றன. படம் முழுசாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். கத்தரித்த தாள் விலையில் பாதியை இழந்த தாள், பிற்பாடு நீங்கள் விற்கப் போகும்போதுதான் அது உறைக்கும்.

எந்தப் பதிப்பு

பிரெஞ்சுப் பதிப்பு 1959 முதல் 1963 வரையான ஆண்டுகளில் அச்சாகி வந்தது. மொத்தம் 4,765 பிரதிகள், அதில் 866 முதல் 4,765 வரை எண்ணிட்ட 3,900 பிரதிகள்தான் மேலே சொன்ன சாதாரணப் பிரதிகள். ஆரம்ப எண்கள் சிறப்புப் பிரதிகள். அவற்றில் சிலவற்றோடு வண்ணப் பிரிப்புத் தாள்கள் சேர்ந்து வந்தன: ஒரே படம் முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டை வரை எப்படிப் படிப்படியாக நிறம் ஏறியது என்று தாள் தாளாகக் காட்டுகிற தொகுப்பு. முதல் தாளில் வெறும் மஞ்சள் நிழல், பத்தாவதில் ஒரு தோள் தெரிகிறது, இருபதாவதில் அது தேவதை என்று புரிகிறது. இப்படி ஒரு தொகுப்பு எங்காவது பார்வைக்குக் கிடைத்தால் வாங்க முடியாவிட்டாலும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். நூறு கட்டுரை படித்தாலும் கிடைக்காத தெளிவு அந்த அரை மணி நேரத்தில் கிடைக்கும்.

புத்தகமாக வந்தது ஆறு தொகுதிகள், ஆனால் தைக்காத தனித்தாள்கள். உறைக்குள் அப்படியே அடுக்கி வைத்திருப்பார்கள். அதனால்தான் ஒற்றைத் தாள்கள் சந்தையில் இவ்வளவு கிடைக்கின்றன. இது புத்தகத்தைக் கிழித்த பக்கம்தானே என்று யாராவது குறைத்துப் பேசினால் கவலைப்பட வேண்டாம், கிழிக்க அங்கே தையலே இல்லை. இதே 1960-களில் இத்தாலியப் பதிப்பு ஒன்றும், பிறகு ஜெர்மன் பதிப்பு ஒன்றும் வந்தன. ஒரே படத்தின் மூன்று பதிப்புத் தாள்களை அடுத்தடுத்து வைத்தால் தாளின் தன்மையும் நிறத்தின் அழுத்தமும் வேறுபடுவது தெரியும். எது உசத்தி என்ற சண்டைக்குள் போக வேண்டியதில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும். வெறுமனே டாலி, தாந்தே, மர அச்சு என்று எழுதிய ரசீதால் ஒரு பயனும் கிடையாது. பதிப்பு, ஆண்டு, தாள், அளவு, எந்தப் பாடலுக்கான படம், எல்லாம் அதில் இருக்கட்டும்.

பாடலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காவியங்களில் காண்டம், படலம் என்று பிரிக்கிற மாதிரி தாந்தேயில் மூன்று காண்டங்கள்: நரகம் 34 பாடல்கள், உத்தரிக்கிற ஸ்தலம் (மோட்சத்துக்கு முன் பாவம் கழுவப்படும் இடம்) 33, மோட்சம் 33, ஆக 100. பாடலுக்கு ஒரு படம். ஆனால் தாளில் தலைப்பு கிடையாது, அதனால் கைமாறிக் கைமாறி ஒரே படம் மூன்று நான்கு பெயர்களில் விற்பனைக்கு வரும். சில நேரம் நரகத்துப் படத்தை மோட்சம் என்று எழுதி வைத்திருப்பார்கள். பெயரை நம்பாமல் படத்தை நம்ப வேண்டுமென்றால் இரண்டு பட்டியல் நூல்களில் ஒன்றாவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஆல்பர்ட் ஃபீல்ட் 1996-ல் வெளியிட்ட டாலி அச்சுப்படப் பட்டியல் ஒன்று, மிக்லர், லோப்சிங்கர் இருவரும் சேர்ந்து தொகுத்த பட்டியல் இன்னொன்று. பின்னதில் இந்த நூறு படங்களுக்கும் 1039 முதல் 1138 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஏல விவரங்களில் இந்த எண்களைத்தான் குறிப்பிடுவார்கள். விலை அதிகமென்றால் நல்ல நூலகம் ஒன்றில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டால்கூடப் போதும்.

கையெழுத்துக்கு இப்போது வரலாம்

சாதாரணப் பிரதிகளின் தாள்களில் டாலி ஒவ்வொன்றாக உட்கார்ந்து பென்சிலில் கையெழுத்துப் போடவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,900 பிரதிகள், பிரதிக்கு 100 தாள், மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் கையெழுத்து! ஆகவே கையெழுத்து இல்லாத தாள்தான் இங்கே இயல்பான தாள். அதைப் பார்த்து ஏதோ குறை என்று நினைக்காதீர்கள். பென்சில் கையெழுத்தோடு வருகிற தாளைத்தான் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும். உண்மையிலேயே கையெழுத்திட்டவை கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அசலான தாளில் பிற்பாடு யாரோ பென்சிலால் பெயரைச் சேர்ப்பது மிகச் சுலபம். தாள் அசல், மை அசல், கையெழுத்து மட்டும் பொய்! லூப், விளக்கு, வாட்டர்மார்க் எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடும் என்பதுதான் ஆபத்து.

டாலி விஷயத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. வெற்றுத்தாள்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. 1974-ல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் அண்டோரா எல்லையில் நிறுத்திய ஒரு வண்டியில் சுமார் 40,000 வெற்றுத்தாள்கள், அத்தனையிலும் டாலி கையெழுத்து. அந்த மாதிரித் தாள்களில் பின்னால் யார் எதை அச்சடித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? அதாவது கையெழுத்தே உண்மையாக இருந்தாலும் படம் அவருடைய மேற்பார்வையில் வந்தது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. இதைப் பற்றிப் படித்த நாளில்தான் நான் கீழ் மூலையைக் கடைசிக்குத் தள்ளினேன்.

ஆக, கையெழுத்துக்காகப் பல மடங்கு விலை கேட்டால், அது எப்போது, எங்கே போடப்பட்டது, முதலில் யாரிடமிருந்து யாருக்குப் போனது, பழைய ரசீதோ ஏலக் குறிப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். கூடவே நீட்டப்படுகிற அசல் என்ற சான்றிதழ் யார் கொடுத்தது என்று பாருங்கள். விற்கிறவரே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழ் அவருடைய வாக்குறுதிதான், வேறு எதுவும் இல்லை. பதில் தெளிவாக வரவில்லையென்றால் கையெழுத்தில்லாத தாளின் விலைக்கு மேல் ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டாம். அதே படம் கையெழுத்தில்லாமல் இன்னொரு இடத்தில் நிச்சயம் கிடைக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மரம் என்று சொல்லி வேறொன்றை விற்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாலி இலக்கியத்துக்குச் செய்த எல்லாமே மர அச்சு என்று நினைத்துவிடாதீர்கள். 1957-ல் வந்த டான் கிஹோட்டே லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு. பைபிள் படங்களும் அப்படியே. ஃபாஸ்ட் நாடகத்துக்கான படங்கள் உலோகத் தகட்டில் கீறியவை. 1969-ல் வந்த ஆலிஸ் கதைப் படங்கள் ஹீலியோகிராவ்யூர், படத்தை ஒளி வழியாகத் தகட்டுக்கு மாற்றி அச்சிடும் முறை. உலோகத் தகட்டு அச்சில் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். மர அச்சில் அந்தச் சட்டம் போன்ற பதிவு இருக்காது. மரத்திலேயே இன்னொன்று வேண்டுமென்றால் அலார்கோனின் முக்கோணத் தொப்பிக் கதைக்கு 1959 வாக்கில் வந்த டாலி தொகுப்பில் 20 வண்ண மர அச்சுகள் உண்டு, தாந்தே அளவுக்கு யாரும் அதை நாடுவதில்லை என்பதால் நிதானமாகத் தேடலாம்.

இன்னொரு சர்ரியலிச ஓவியரான மாக்ஸ் எர்ன்ஸ்ட் பற்றியும் கேட்பார்கள். 1934-ல் அவர் வெளியிட்ட ஒரு வாரத்தின் கருணை என்ற படநாவலில் 182 படங்கள். 19-ஆம் நூற்றாண்டு மலிவு நாவல்களின் மரச்செதுக்குப் படங்களைக் கத்தரித்து ஒட்டி, வரவேற்பறையில் பறவைத்தலை மனிதர்களையும் படுக்கையறையில் கடல் அலைகளையும் கொண்டுவந்து நிறுத்தினார். பார்க்க அச்சு அசல் மரச்செதுக்கு. ஆனால் ஒட்டியதைப் படமெடுத்துத் தகட்டில் அச்சிட்டது, எர்ன்ஸ்ட் எந்தக் கட்டையையும் செதுக்கவில்லை. எனக்கு அது மிகப் பிடித்த புத்தகம், அதை மர அச்சு என்று சொல்லி விற்றால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எதை முதலில் வாங்குவது

நூறையும் சேர்க்க வேண்டும் என்று இறங்காதீர்கள். முழுத்தொகுதியாக வாங்கும்போது தாளுக்கு ஆகும் விலை பெரும்பாலும் குறைவுதான், கையில் பணம் இருந்தால் அதுவும் ஒரு வழி. ஆனால் பெட்டிக்குள் நூறு தாள் இருக்கிறவரைவிட, சுவரில் மூன்று தாள் வைத்து அந்த மூன்று பாடல்களையும் படித்தவருக்குத்தான் இதில் பேச நிறைய இருக்கும் என்பதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் பாடலைப் படியுங்கள், எந்த மொழிபெயர்ப்பில் கிடைத்தாலும் சரி. நரகத்தின் முதல் பாடலுக்கு டாலி வரைந்ததில் காடு அடர்த்தியாகவே இல்லை. வெட்டவெளியில் சிவப்பு அங்கி போட்ட ஒரு சின்ன உருவம் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறது, ஓங்கிய மரங்களின் நிழல் நீளமாக விழுகிறது. இருண்ட காட்டில் வழி தவறினேன் என்று கவி தொடங்குகிற இடத்தில் இவர் வெளிச்சத்தைக் கொண்டுவந்து, அந்த வெளிச்சத்துக்குள்ளேயே தனிமையின் பயத்தை வைத்திருக்கிறார். டோரேயின் அதே பாடல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அங்கே வேரும் கிளையும் மனிதரை விழுங்கப் பார்க்கும். நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே வரியை இரண்டு பேர் எப்படி வேறு வேறாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். டோரே புத்தகங்களின் பழைய பதிப்புத் தாள்கள் விலை குறைவு. டாலி ஒன்று, டோரே ஒன்று என்று ஜோடி ஜோடியாகச் சேர்ப்பது நான் மனமாரச் சொல்லும் வழி.

உத்தரிக்கிற ஸ்தலத்தின் முதல் படமான வீழ்ந்த தேவதையை எல்லோரும் தேடுகிறார்கள். உடம்பிலேயே மேசை இழுப்பறைகள் திறந்து கிடக்க, தேவதை குனிந்து தனக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறது. அதற்கு விலை எப்போதும் ஒரு படி மேலே நிற்கும், நகல்களும் அதற்கே அதிகம். அதுதான் வேண்டுமென்றால் பொறுமையாகக் காத்திருந்து வாங்குங்கள். ஆனால் மோட்சக் காண்டத்தைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். நிறம் வெளுத்து, உருவம் கரைந்து, பாதித் தாள் வெறும் ஒளியாக இருக்கும் அந்தப் படங்களில்தான் செதுக்கியவரின் கை அதிகமாகத் தெரிகிறது. நீரில் கரைந்த வண்ணத்தின் விளிம்பை மரத்தில் கொண்டுவருவது சாதாரண வேலையா?

கையில் வந்த பிறகு

ஃப்ரேமோடு வாங்கினால் முதல் வேலை அதைப் பிரிப்பது. வாங்குவதற்கு முன்னாலேயே பிரிக்கச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். சம்மதிக்காத இடத்தில் நான் இப்போதெல்லாம் வாங்குவதில்லை. ஒருமுறை அழகான ஃப்ரேமில் இருந்த ஒரு நரகப் படத்தை அப்படியே வாங்கிவந்தேன். பிரித்தால் பின்னால் சாதாரண அட்டை, படத்தைச் சுற்றி மவுண்டின் (நடுவில் வெட்டிய அட்டைச் சட்டம்) உள்விளிம்பு ஓரமாக பழுப்பில் ஒரு கட்டம், மேல் விளிம்பு முழுக்க ஒட்டுநாடா. மவுண்டுக்கு அடியில் ஒளிந்திருந்த ஓரம் நல்ல வெள்ளை, வெளியே தெரிந்த பகுதி மங்கலான மஞ்சள். இத்தனை நாளாக அந்தப் படத்தின் நிறம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வெயில் தின்ற மிச்சம் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஓரத்து வெள்ளையைப் படத்துப் பகுதியோடு ஒப்பிடுவது இன்றைக்கும் நான் செய்யும் முதல் சோதனை.

இணையத்தில் வாங்குகிறவர்கள் முன்பக்கப் படத்தோடு திருப்தி அடையக் கூடாது. முதுகுப்பக்கம் முழுசாக, நான்கு மூலைகளும் கிட்டத்தில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது, பக்கத்தில் ஸ்கேல் வைத்தது, இவ்வளவையும் கேட்டு வாங்குங்கள். பழுப்புப் புள்ளிகள், மடிப்பு, நீர்க்கறை இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். சிலர் கறையைப் போக்க வெளுப்பான் போட்டுக் கழுவிவிடுவார்கள். அந்தத் தாள் வயதுக்குப் பொருந்தாத வெள்ளையாகவும், கையில் எடுத்தால் உயிரில்லாமல் துவண்டும் இருக்கும்.

தாளைத் தொடும்போது கையைக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் எடுங்கள், எதிரெதிர் மூலைகளைப் பிடித்து. சுருட்டவே கூடாது. மாட்ட வேண்டுமென்றால் அமிலமில்லாத பருத்தி மவுண்ட் போர்டு, மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாளால் செய்த இரண்டு சின்னக் கீல்கள், அதை ஒட்டக் கோதுமை மாவுப்பசை. பின்னால் எப்போது வேண்டுமானாலும் ஈரம் வைத்துக் கழற்றிவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஃப்ரேம் போடுகிறவர் சுலபமாக இருக்கும் என்று சூடாக்கி அட்டையில் மொத்தமாக ஒட்டித்தர முன்வரலாம், தயவுசெய்து விடாதீர்கள், அதோடு அந்தத் தாளின் கதை முடிந்துவிடும். கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுப்பதாகவும், மை மேல் படாமல் இடைவெளியோடும் இருக்கட்டும். நேர் வெயில் விழும் சுவர், ஈரம் ஏறும் சுவர் இரண்டும் வேண்டாம். அருங்காட்சியகங்களில் தாள் வேலைகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம்தான் வைப்பார்கள், வீட்டில் அளந்து பார்த்தால் நம் சுவரில் அதைவிடப் பல மடங்கு விழுவது தெரியும். அதனால் சில மாதம் மாட்டி, சில மாதம் பெட்டிக்குள் படுக்கவைத்து, மாற்றி மாற்றிப் பார்ப்பதே நல்லது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, பெரிதாக ஏறி இறங்காமல் இருந்தால் தாள் சுகமாக இருக்கும்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டுப் போடுங்கள். பட்டியல் எண், பதிப்பு, அளவு, எந்த நாளில் யாரிடம் வாங்கியது, பிரித்தபோது என்ன நிலை, முன் பின் புகைப்படங்கள், ரசீதின் நகல். பென்சிலால் தாளின் முதுகில் நீங்களே எதுவும் எழுதாதீர்கள், முன்பு யாரோ எழுதியிருந்தால் அழிக்கவும் வேண்டாம். முந்தைய விற்பனையாளரின் குறிப்பு எண்ணோ ஃப்ரேம்காரரின் ஒட்டுச்சீட்டோ ஒரு நாள் அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உதவும். என்னிடம் உள்ள ஒரு மோட்சப் படத்தின் முதுகில் மங்கலாக இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று பட்டியல் எண் என்று கண்டுபிடித்துவிட்டேன், இன்னொன்றுக்குப் பழைய ஏலப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.